சுழலும் தண்டின் வேகக் கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் மோட்டார் வாங்கச் செல்லும் அங்கத்தினர் விலையையும் குதிரைச் சக்தியையும் கேட்டறிகிறார். மோட்டாரின் மீது பதித்த தகட்டில் தண்டின் சுழல் வேகமும் பொறிக்கப்பட்டிருக்கும்; அதனை நோக்குவோர் சிலரே. சங்கக் கடனில் வாங்கிய மோட்டார் கருகிப்போவதற்கு அந்த எண்ணைப் புறக்கணித்ததும் ஒரு காரணமாகலாம்.

தகட்டில் நிமிஷத்திற்கு 1440 சுற்று என்றிருப்பதாகக் கொள்வோம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சைக்கிள் உடையது. நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிஷத்திற்கு 1500 முறை சுற்றும். தண்டு சுமையினால் சற்றே பின்தங்கி 1440 முறை சுற்றும். இதனை 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 24 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 டிகிரியாகையால், வினாடிக்கு 8640 டிகிரி என்றும் கூறலாம்.

பொறியியல் நூல்கள் ரேடியன் என்ற அளவையே விரும்புகின்றன. பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரு கயிறு போதும். சக்கரத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள நீளத்திற்குக் கயிற்றை வெட்டி, விளிம்பின்மேல் வளைத்து வையுங்கள். அக்கயிறு அடைக்கும் கோணமே ஒரு ரேடியன், ஏறத்தாழ 57.3 டிகிரி. முழுவட்டத்தைச் சுற்றிவர இத்தகைய கயிறுகள் 6.283 வேண்டும். ஆகவே 24 சுற்று என்பது வினாடிக்கு 150.8 ரேடியன். நிமிஷச் சுற்றை 9.55-ஆல் வகுத்தாலும் இவ்விடையே கிடைக்கும். இதன் பயன் யாதெனில், ரேடியன் வேகத்தை ஆரத்தால் பெருக்கியதும் பட்டையின் வேகம் நேரே வந்துவிடும். ஆரம் 10 சென்டிமீட்டரானால், பட்டை வினாடிக்குச் சுமார் 15 மீட்டர் ஓடும்.

பட்டை ஒன்றாகையால் இரு சக்கரங்களின் விளிம்பு வேகமும் ஒன்றே; சிறிய சக்கரம் கூடுதலாகச் சுற்றியே தீர வேண்டும். தார் சுற்றும் இராட்டையில் நெசவாளர் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்பது இதுவே.

பூவிருந்தவல்லிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மோட்டாரிலும் பம்பிலும் 9 அங்குலச் சக்கரங்கள் உள்ளன என்போம். மோட்டார்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது. ஆவடிக் கடையில் கிடைத்த 10 அங்குலச் சக்கரத்தை மாட்டுகிறார். பம்பின் வேகம் 1440-லிருந்து 1600 ஆகிறது. நீர் மிகுதியாக வருவது கண்டு அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இவ்வகைப் பம்பு கேட்கும் சக்தி, ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளரும். வேகம் ஒன்பதில் ஒரு பங்கு கூடியதற்குச் சக்தி நூற்றுக்கு 37 பங்கு கூடிவிடும். முன்பு 5 குதிரைச் சக்தி போதுமாயிருந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய 7 வேண்டும். அச்சுமையை நெடுநேரம் தாங்கும் 5 குதிரைச் சக்தி மோட்டாரின் கம்பிச்சுற்று சூடேறிக் கருகும்.

விசைத்தறிக்காரர் பேசுவது நிமிஷத்திற்கு இத்தனை ஊடை என்ற கணக்கு. கிராங்குத் தண்டின் ஒரு சுற்றுக்கு ஓர் ஊடை; ஆகையால் 160 ஊடை என்பது 160 சுற்று, அதாவது வினாடிக்கு 16.76 ரேடியன். 960 சுற்று மோட்டாரைப் பட்டையால் நேரே பூட்டினால், 3 அங்குலச் சக்கரத்திற்கு எதிரே 18 அங்குலச் சக்கரம் தேவை. ஊடையை 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்கிச் சரிபார்க்கலாம். மோட்டார்த் தண்டைக் கண்ணால் எண்ண இயலாது. அதற்குக் கைக்கடக்கமான சுற்றுமானி உண்டு. சங்கத்திற்கு ஒன்று வாங்கி வைத்து அங்கத்தினர்க்கு இரவல் தரலாம் என்பது என் அபிப்பிராயம். கொள்முதல் தீர்மானத்தில் குதிரைச் சக்தியை எழுதும்போதே, மோட்டாரின் சுற்று, இயந்திரத்திற்கு வேண்டிய சுற்று, இரு சக்கரங்களின் விட்டம் ஆகியவற்றையும் ஒரே அளவையில் எழுதி வைப்பது நலம்.