வாழைக்கு வைத்தியம்: செல்பேசியில் யாரைக் கேட்பது?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், மேற்கே அந்தநல்லூர், ஜீயபுரம், சிறுகமணி வரையிலும் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், ஏலக்கி எனப் பல ரக வாழைகள் பயிராகின்றன. முன்பெல்லாம் இலை மஞ்சளித்தால் பக்கத்துத் தோட்டக்காரரையோ உரக்கடைக்காரரையோ கேட்பது வழக்கம். இன்று படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் பதினைந்து பதில்கள் வந்து விடுகின்றன. அவற்றில் எதை நம்புவது என்பதுதான் சங்கடம்.

தூரத்திலிருந்து யோசனை வருவது இப்பகுதிக்குப் புதிதல்ல. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் 1960களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னதால், தஞ்சை, திருச்சி விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். ஆனால் வானொலியில் பேசியவர் யார், எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்பது கேட்போருக்குத் தெரியும். குழுவில் பதில் சொல்பவர் விவசாயியா, மருந்து விற்பவரா, மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரா என்பது தெரிவதில்லை.

தவறான பதிலால் என்ன கேடு வரும் என்பதற்கு இலை மஞ்சளிப்பதே போதுமான உதாரணம். ரஸ்தாளியில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கினால் அது வாடல் நோயாக இருக்கலாம். தண்டின் அடியில் நீள வாக்கில் வெடிப்பும் காணும். சாம்பல் சத்துக் குறைவிலும் அடி இலைகள்தான் முதலில் மஞ்சளிக்கும். நுனி காய்ந்து சுருளும். படத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். வாடல் நோய் என்றால் உள்ளே செம்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். சத்துக் குறைவு என்றால் கிழங்கு வெள்ளையாகவே இருக்கும். இதைக் கேட்காமலே ஒருவர் 'பொட்டாஷ் போடுங்கள்' என்று சொல்லி, விவசாயியும் அதை நம்பி இருந்துவிட்டால், நோய்க்கிருமி மண்ணிலும் பாசன நீரிலும் அடுத்த வரிசைக்குப் போய்விடும். அக்கட்டையில் எடுத்த கன்றுகள் வேறு ஊருக்கும் நோயைக் கொண்டு செல்லும். இக்கிருமி வாழை இல்லாமலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு இருக்கக் கூடியது.

ஆகவே கேட்கும் முறையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஓர் இலையை மட்டும் படம் எடுத்து 'இது என்ன நோய்?' என்று கேட்பதில் பயனில்லை. முழு மரம், இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், தண்டின் அடி, வெட்டிய கிழங்கு என ஐந்து படங்களாவது வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளுத்துத் தெரியும். காலை வேளையே நல்லது. கூடவே ரகம், நட்டு எத்தனை மாதம், ஆற்றுப் பாசனமா போர் தண்ணீரா, கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எப்போது போட்டது, நூறு மரத்தில் எத்தனை மரம் இப்படி இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். எழுதச் சிரமம் என்றால் குரலில் பதிவு செய்து அனுப்பலாம்.

பதில் சொல்பவரை எடை போடவும் வழி இருக்கிறது. விவரம் தெரிந்தவர் முதலில் எதிர்க்கேள்வி கேட்பார். சில சமயம் 'நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது' என்பார். மருந்தின் வியாபாரப் பெயரை மட்டும் சொல்லாமல், அதில் உள்ள ரசாயனத்தின் பெயரையும் அளவையும் சொல்வார். எடுத்த எடுப்பிலேயே ஒரு பாட்டிலின் பெயரையும், பணம் அனுப்ப வேண்டிய எண்ணையும் தருபவர் வைத்தியர் அல்லர், வியாபாரி. முடிக்கொத்து நோயையே ஓர் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். அசுவினி மூலம் பரவும் இந்த நச்சுயிரி நோய் தாக்கிய மரத்தைக் குணமாக்க மருந்தே கிடையாது. தோண்டி அழிப்பதும், நோயற்ற கன்று நடுவதும், அசுவினியைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி. இதைக் குணமாக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய மற்ற யோசனைகளையும் ஒதுக்கிவிடலாம்.

சில குழுக்களில் புதிதாகக் கேட்பவரை 'இதுகூடத் தெரியாமலா விவசாயம் பார்க்கிறாய்' என்று பலர் கூடிக் கேலி செய்கிறார்கள். இயற்கை முறையா ரசாயனமா என்ற சண்டையில் கேள்வி காணாமல் போகிறது; பிறகு சாதியும் கட்சியும் உள்ளே வந்துவிடும். 'சொன்னபடி தெளித்தேன், பலனில்லை' என்று எழுதியவரையே நீக்கும் குழுவும் உண்டு. அங்கே வெற்றிக் கதைகள் மட்டும் மிஞ்சுவதில் வியப்பில்லை. இத்தகைய இடத்தில் வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை, பேசாமல் வெளியேறிவிடலாம். கேலிக்குப் பயந்து கேட்பதையே நிறுத்திவிடுவதுதான் பெரிய நஷ்டம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் இருபது பேர் தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொண்டால், அது ஐயாயிரம் பேர் கொண்ட குழுவை விட உபயோகமாக இருக்கும். மண்ணும் நீரும் ஒன்று. தோல்வியையும் மறைக்க முடியாது. தொட்டியம் படுகை மண்ணுக்குச் சொன்னது மணிகண்டம் பக்கத்துக் களர் நிலத்துக்குப் பொருந்தாது அல்லவா?

நம்பிக் கேட்கக்கூடிய இடங்கள் திருச்சியிலேயே இருக்கின்றன. 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தோகைமலை சாலையில் தாயனூரில் உள்ளது. சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையமும், நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் உள்ளன. களர் நிலத்துக்கு இக்கல்லூரியைக் கேட்பது பொருத்தம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்வாரியாகத் தமிழிலேயே குறிப்புகள் கிடைக்கின்றன. 2004இல் தொடங்கிய கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழில் கேட்கலாம். மானியம், சந்தை விலை போன்றவற்றுக்கு 2018இல் வந்த உழவன் செயலி உண்டு.

பழைய செய்திகள் தேதியில்லாமல் சுற்றி வருவதையும் கவனிக்க வேண்டும். மோனோகுரோட்டபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் உபயோகிக்க 2005லேயே தடை வந்துவிட்டது. அதற்கு முந்திய சிபாரிசு யாராவது அனுப்பி வந்தால், அதை நம்பிக் கத்தரிக்குத் தெளிக்கக் கூடாது. மருந்துப் பெட்டியில் உள்ள தமிழ்த் துண்டுச் சீட்டில் வாழையின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பார்த்தபின் முதலில் பத்து மரத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது நலம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பி.எம். கிசான் பணம் என்ற பெயரில் குழுவில் வரும் இணைப்புகளைத் தொடவே கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

வாடல் நோய் என்று சந்தேகம் வந்து கிழங்கை ஆராய்ச்சி மையத்துக்கு எடுத்துச் செல்வோர், மண் வழியில் உதிராதபடி இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ள வேண்டும். பையின்மேல் ரகம், ஊர், வெட்டிய தேதி எழுதலாம். வெட்டிய அரிவாளையும் மண்வெட்டியையும் நல்ல மரங்களிடம் கொண்டு போகுமுன் அங்கேயே கழுவி விடவும். கழுவிய நீர் வாய்க்காலில் கலக்கக் கூடாது.