அளவோடு ஊட்டினால் வாழும் பவளம்



அரிசி, பருப்பு, புளி, மிளகாய் பற்றியே எழுதி வந்த நாம் இம்முறை பவளத்துக்கும் கடல் சாமந்திக்கும் தீனி போடுவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்மில் பலர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே மீன் தீவன டப்பாவும் வைத்து விற்கிறோம். தீவனம் கேட்டு வருகிறவரிடம் நாம் சொல்லும் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும். சொல்லாமல் விட்டால் அது சாகவும் கூடும். இதை நாம் நட்டப்பட்டே தெரிந்துகொண்டோம்.

சிங்கப்பூரில் நம் மகன் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் பவளங்கள், ஒரு கடல் சாமந்தி, அதன் மடியிலேயே குடியிருக்கும் இரண்டு கோமாளி மீன்கள். நாம் அங்கே போயிருந்தபோது மகன் பத்து நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. "அப்பா, சாமந்திக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் சின்னத் துண்டு இறால் போதும்" என்று சொல்லித்தான் போனான். தினமும் மூன்று வேளை உண்ணும் நமக்கு மனம் கேட்கவில்லை. சமையலுக்கு வாங்கிய இறாலை நாள்தோறும் பெரிய துண்டாகப் போட்டோம். சாமந்தி கை நீட்டி வாங்கிக்கொண்டது, நமக்குப் பெருமை. இரவில் அது அரைகுறையாகச் செரித்ததை வெளியே கக்கியதை நாம் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் தண்ணீர் கலங்கியது. ஒன்பதாம் நாள் சாமந்தி வாய் பிளந்து சுருண்டு கிடந்தது. மருமகள் அதை எடுத்து அப்புறப்படுத்தி, தொட்டி நீரில் பாதியை மாற்றியதால் மீன்கள் பிழைத்தன. பவளங்களில் இரண்டு வெளுத்துப் போயின. ஆறு ஆண்டுகள் வளர்த்த உயிர் அது. "பரவாயில்லை மாமா" என்றாள் மருமகள். நமக்குத்தான் பரவாயில்லையாக இல்லை. அதன்பிறகு மகனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

வெளிச்சமே சம்பளம்

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. சிறு சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கின்றன. கடல் சாமந்தியும் அதே இனத்தைச் சேர்ந்தது. கூடு மட்டும் கட்டாது. இரண்டுக்கும் ஒரே வாய். உண்பதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. சுற்றியுள்ள கைகளில் நுண்ணிய கொட்டும் ஊசிகள் இருக்கின்றன. இரையைப் பிடிப்பது அவற்றால்தான்.

பெரும்பாலான பவளங்களின் சதைக்குள்ளும், கோமாளி மீன் குடியிருக்கும் சாமந்திகளின் சதைக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. இவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, வாடகை கொடுப்பதுபோல அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குத் தந்துவிடுகின்றன. சில பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படியே கிடைத்துவிடுகிறது. ஆகவே விளக்கு வெளிச்சம் மாதச் சம்பளம். நாம் போடும் தீனி தீபாவளி போனஸ். போனஸ் வேண்டாம் என்பதில்லை. வளர்ச்சிக்கு வேண்டிய புரதச் சத்து அதிலிருந்து வருகிறது. ஆனால் சம்பளத்துக்குப் பதில் போனஸை மட்டும் கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தப் பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 1998-லும் 2016-லும் உலகின் பல கடல்களில் நடந்தது இதுவே.

ஊட்டும் முறை

சாமந்திக்கு அதன் வாயைவிடச் சிறிய துண்டு இறாலோ மீனோ வாரத்துக்கு ஓரிரு முறை போதும். மறுநாள் கக்கினால் துண்டு பெரிது என்று பொருள்.

பவளங்களில் பல இரவில்தான் கைகளை விரிக்கும். விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்து, நீரோட்ட மோட்டாரை ஒரு கால்மணி நேரம் நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்ல ஊட்ட வேண்டும். மோட்டாரை மறுபடி போட மறந்தால் ஊட்டியதெல்லாம் வீண். வாய் சிறிய பவளங்களுக்கு ஆர்ட்டீமியாக் குஞ்சு ஏற்றது. இந்த முட்டை தானிய விதை போல உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஈரம் பட்டால் கெட்டது. 28 டிகிரி வெப்பமுள்ள உப்புநீரில் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிக்கும். பொரித்த உடனே கொடுப்பதே சத்து.

விதிவிலக்கும் உண்டு. சூரியப் பவளம் என்னும் மஞ்சள் நிற வகைக்குள் பாசி கிடையாது. அதன் ஒவ்வொரு வாய்க்கும் அடிக்கடி ஊட்டியே ஆக வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் அதை வாங்காதிருப்பதே நல்லது.

உண்ணாமல் மிஞ்சும் தீனி அழுகி அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீனியிலுள்ள பாஸ்பேட்டும் சேரச்சேர வேண்டாத பாசி படர்கிறது. பவளம் கூடு கட்டுவது தடைப்படுகிறது. வசூலாகாத கடன் பேரேட்டில் ஏறுவதுபோல இது தண்ணீரில் ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நம் கடைக்கு வருவோம்

கடல்நீர்த் தொட்டிக்கென்று கல் உப்புக் கேட்டு யாரும் வந்தால் கொடுக்காதீர்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் வடிக்கும் கசப்பு நீரோடு போய்விடும். இடையில் நாம் வாரி விற்பது சோறு சமைக்கும் உப்பு. பவளம் கூடு கட்டவோ லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும். அதற்கென்றே தயாரித்த கடல் உப்புக் கலவைதான் சரி.

இன்னொன்று மிக முக்கியம். சிங்கப்பூரில் உரிய அனுமதியோடு இறக்குமதியான பவளத்தை வாங்கி வளர்க்கலாம். நம் நாட்டில் அப்படியில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. உயிருள்ளதோ, அலங்காரத்துக்கான வெள்ளைக் கிளையோ, யார் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். லாபம் சில நூறு, வழக்கு பல ஆண்டு.

தீவனம் மட்டும் விற்போம். விற்கும்போது, "நன்னீர்த் தொட்டியா, கடல்நீர்த் தொட்டியா? என்ன உயிர் இருக்கிறது? வாரம் எத்தனை நாள் போடுகிறீர்கள்?" என்று மூன்று கேள்வி கேட்போம். பெரிய டப்பா கேட்கிறவரிடம் சிறியது போதும் என்று சொல்வதால் அன்றைய கல்லாவில் கொஞ்சம் குறையும். ஆனால் தொட்டி செத்துப்போனவர் தீவனம் வாங்க மறுபடி நம் கடைக்கு வரமாட்டார்; தொட்டி வாழ்கிறவர் மாதாமாதம் வருவார்.

மகன் வீட்டுத் தொட்டியில் இப்போது புதிய சாமந்தி ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போனபோது அதன்முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தீனி டப்பாவை மட்டும் தொடவில்லை.