'இன்ஃபிளேமபிள்'னா தீப்பிடிக்குமா, பிடிக்காதா? சிவகாசி சொற்களை வைத்தே ஆங்கிலம் படிக்க ஒரு வழி

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்பக்கம் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்போம். 'கரெக்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இன்கரெக்ட்'. 'கம்ப்ளீட்' என்பதற்கு 'இன்கம்ப்ளீட்'. அப்போ 'இன்ஃபிளேமபிள்'னா தீப்பிடிக்காதது என்றுதானே பொருள் வரணும்? இல்லை. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதுதான் அதன் பொருள்.

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் சோறு போடும் விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வெறும் மதிப்பெண் சமாச்சாரம் இல்லை. ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரிப்பது, எங்கே உஷாராக இருப்பது? சிவகாசி வட்டாரத்தில் புழங்கும் சொற்களை வைத்தே பார்க்கலாம்.

பிரித்துப் படிப்பது நமக்குப் புதுசா?

2023 பிளஸ் டூ தேர்வில் 97.85% தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது விருதுநகர். அந்த மாவட்டத்து மாணவர்களுக்கும் சரி, மற்றவர்களுக்கும் சரி, தமிழ்த் தாளில் 'பகுபத உறுப்பிலக்கணம்' தண்ணீர் பட்ட பாடு. 'படித்தனர்' என்பதை படி + த் + த் + அன் + அர் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று சொல்லிவிடுவார்கள்.

ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். சொல்லின் தலையில் வருவது முன்னொட்டு, நடுவில் வேர்ச்சொல், கடைசியில் பின்னொட்டு. எதிர்மறையை ஆங்கிலம் பெரும்பாலும் தலையிலேயே வைக்கும். தமிழில் புழங்கும் நியாயம் - அநியாயம், நீதி - அநீதி போன்ற வடசொற்களை நினைத்துக்கொண்டால் போதும். அந்த 'அ', 'அந்' என்பதும் ஆங்கிலத்தின் 'அன்', 'இன்' என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள்தான்.

பட்டாசுக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

பட்டாசுத் தொழில்நுட்பத்தை 'பைரோடெக்னிக்ஸ்' என்கிறார்கள். கிரேக்கத்தில் 'பைர்' என்றால் நெருப்பு, 'டெக்னே' என்றால் கைத்திறன். நெருப்பை வைத்துச் செய்யும் கைத்திறன், அவ்வளவுதான். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு 'ஆன்ட்டிபைரெடிக்'. 'ஆன்ட்டி' என்றால் எதிர். உடம்புச் சூட்டுக்கு எதிரான மருந்து. ஒரு வேர் தெரிந்தால் இரண்டு சொல் கிடைத்துவிடுகிறது.

'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். அது பிறந்த இடம் நாடக மேடை. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ப்ளாடெரே' என்றால் கைதட்டு. நடிப்பு பிடிக்காவிட்டால் சத்தம் போட்டு, கைதட்டி நடிகரை மேடையிலிருந்து விரட்டுவதைத்தான் முதலில் இந்தச் சொல் குறித்தது. பாராட்டைக் குறிக்கும் 'அப்ளாஸ்' இதன் உடன்பிறப்பு.

தீப்பெட்டிக்குள் ஒரு 'மெட்டஃபர்'

தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். 'ஃபாஸ்' என்றால் ஒளி, 'ஃபோரோஸ்' என்றால் சுமப்பது. ஒளியைச் சுமப்பது பாஸ்பரஸ். ஆங்கிலப் பாடத்தில் வரும் 'மெட்டஃபர்' சொல்லிலும் இதே 'சுமக்கும்' வேர்தான் இருக்கிறது. 'மெட்டா' என்றால் இங்கே 'இடம் மாற்றி'. ஒன்றின் தன்மையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைப்பது. 'தாமரை முகம்' உவமை, 'முகத்தாமரை' உருவகம் என்று படித்தோமே, அந்த உருவகம்தான் மெட்டஃபர்.

செய்யுள் நயம், உரைநடைப் பகுதிகளில் அடிக்கடி வரும் மற்ற சொற்கள்:

• மோனோலாக்: மோனோ (ஒன்று) + லாக் (பேச்சு). ஒருவரே பேசும் தனிமொழி.

• ப்ரோலாக்: ப்ரோ (முன்) + லாக் (பேச்சு). கதைக்கு முன்னால் வருவது. பின்னால் வந்தால் எபிலாக்.

• ஆட்டோபயோகிராஃபி: ஆட்டோ (தான்) + பயோ (வாழ்வு) + கிராஃபி (எழுத்து). தன்வரலாறு.

• ஆக்ஸிமோரான்: ஆக்ஸி (கூர்மை) + மோரான் (மந்தம்). எதிரெதிர்ச் சொற்களைச் சேர்த்துச் சொல்லும் முரண். ஆக்ஸிஜனில் இருப்பதும் இதே 'ஆக்ஸி'தான்.

• லித்தோகிராஃபி: லித்தோ (கல்) + கிராஃபி (எழுத்து). 1796-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த அச்சுமுறை. தமிழில் இதற்கு 'கல்லச்சு' என்று பெயர். காலண்டர் அடிக்கும் சிவகாசியின் ஆஃப்செட் இயந்திரங்களுக்கு இதுவே தாய்.

வால் மாறினால் வினை

முன்னொட்டு மட்டுமல்ல, கடைசியில் வரும் வாலும் முக்கியம். பொட்டாசியம் குளோரைடு வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரேட் தீக்குச்சியின் தலையில் இருப்பது. பெயரில் வித்தியாசம் 'ஐடு', 'ஏட்' மட்டும்தான். 'ஏட்' என்று முடிந்தால் அந்த உப்பில் ஆக்ஸிஜனும் இருக்கிறது என்று அர்த்தம். சூடானால் அது அந்த ஆக்ஸிஜனை வெளியிட்டுத் தீயை வளர்க்கும். குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்தால் சின்ன உராய்வுக்கே வெடிக்கும். அதனால்தான் பட்டாசில் இந்தக் கலவைக்கு 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. 'பெர்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'பெர்குளோரேட்' ஆனால் ஆக்ஸிஜன் இன்னும் ஒன்று கூடுதல். மூட்டையில் உள்ள பெயரைப் பாதியோடு படித்துவிட்டு நகர முடியாது.

அப்போ அந்த 'இன்' ஏன் ஏமாற்றுகிறது?

ஆங்கிலத்தில் இரண்டு 'இன்' இருக்கிறது. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'இன்சைட்' என்பதில் வருவது போல 'உள்ளே' என்பது. இன்ஃபிளேமபிள் இரண்டாவது வகை. தீ மூட்டு என்ற பொருளுள்ள 'இன்ஃப்ளம்மாரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் குழப்பம் ஆபத்தாகலாம் என்பதால் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃபிளேமபிள்' என்று எழுதும்படி வலியுறுத்தியது. இன்றைக்கு இரண்டுக்கும் ஒரே பொருள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃபிளேமபிள்' என்று போடுவார்கள்.

சொல் மனிதரை ஏமாற்றி விபத்தில் தள்ளும் என்பதைப் பதிவு செய்தவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியல் அறிஞரான இவர் அமெரிக்காவில் தீக்காப்பீட்டு நிறுவன ஆய்வாளராக வேலை பார்த்தவர். ஓர் ஆலையில் 'ஸ்பன் லைம்ஸ்டோன்' என்ற பூச்சைத் தீயிலிருந்து பாதுகாக்காமல் விட்டிருந்தார்கள். பெயரில் 'ஸ்டோன்' இருக்கிறதே, கல் எரியுமா? எரிந்தது. அமிலப் புகை பட்டு அது வேறு பொருளாக மாறியிருந்தது. காலி பெட்ரோல் பீப்பாயையும் அவர் உதாரணம் காட்டுகிறார். 'காலி' என்று சொன்னதும் பயம் போய்விடுகிறது. ஆனால் உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து.

எப்படிப் படிக்கலாம்?

• ஒரு நாளைக்கு ஒரு வேர் போதும். அந்த வேர் வரும் மூன்று சொற்களை எழுதுங்கள். அதில் ஒன்று வீட்டிலோ கடையிலோ பார்த்த சொல்லாக இருக்கட்டும்.

• பிரித்ததும் கிடைக்கும் பொருளை முடிவாக எடுத்துக்காதீங்க. அகராதியில் ஒருமுறை சரிபாருங்கள். தமிழில் பகாப்பதம் இருப்பது போல ஆங்கிலத்திலும் பிரிக்க முடியாத சொற்கள் நிறைய.

• தேர்வில் தெரியாத சொல் வந்தால் பிரித்து ஊகிக்கலாம், தப்பில்லை. ஆனால் ரசாயன டப்பா, மருந்துச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை என்றால் ஊகம் கூடாது. தெரிந்தவரிடம் கேட்டே ஆகணும்.

• வீட்டில் யாராவது பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போகிறார்கள் என்றால், அங்கே இருக்கும் ஆங்கில எச்சரிக்கைச் சொற்களைக் கேட்டு, தமிழில் பொருள் எழுதிக் கொடுங்கள். 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழில் எழுதிவிட்டால், அதைப் படிக்க லத்தீன் வேர் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.