கனகாம்பரத்தின் வெடிக்கும் காய்

மழை பெய்து ஓய்ந்ததும் கனகாம்பரச் செடியின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். 'டப்', 'டப்' என்று மெல்லிய ஓசை கேட்கும். பூத்து முடிந்து காய்ந்துபோன கதிர்களிலிருந்து ஏதோ தெறித்துச் சுவரில் மோதும். சில சமயம் நம் முகத்திலும் வந்து படும். பூவைப் பறித்தபின் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கதிர் தன் விதைகளை எறிந்துகொண்டிருக்கிறது!

ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களில் அடங்கும். பூவுக்கு மணம் இல்லை. ஆனால் எடை மிகக் குறைவு. தொடுத்து வைத்தால் எளிதில் வாடாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களில் மல்லிகை, முல்லையோடு இதையும் தோட்டப் பயிராக வளர்க்கின்றனர். அழகுக்காகவும் கூந்தலுக்காகவும் வீட்டுக் கொல்லையில் நான்கு செடி வைத்திருப்போர் எங்கும் உண்டு.

அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள். "நட்ட முதலாண்டு நன்றாகப் பூத்தது. பிறகு வளர்ச்சி நின்று, மஞ்சளாகிப் பட்டுவிட்டது. அதே இடத்தில் வேறு செடி வைத்தேன். அது இன்னும் சீக்கிரமாகப் போய்விட்டது." தானே விதை எறிந்து தானே முளைக்கக்கூடிய செடி, நாம் பேணி வளர்க்கும்போது ஏன் சாகிறது? விடை தேடி, வெடிக்கும் காயிலிருந்தே தொடங்குவோம்.

காயும் ஈருலோகத் தகடும்

ஒரு காயில் நான்கு விதைகள் உள்ளன. காயின் சுவர் இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டும் விளிம்பில் ஒட்டியிருக்கின்றன. காய் முற்றி உலரும்போது சுவரின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இயற்பியல் பாடத்தில் ஈருலோகத் தகடு பற்றிப் படித்திருப்பீர்கள். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் தகடு வளைகிறது. மின்சார இஸ்திரிப் பெட்டி தானாக அணைவதற்கு இந்த வளைவே காரணம். காயிலும் இதுதான் நிகழ்கிறது. இங்கே வெப்பத்தின் வேலையை ஈரம் செய்கிறது. ஒவ்வொரு பாதியும் வெளிப்புறமாக வளையத் துடிக்கிறது. விளிம்பின் ஒட்டு அதை விடுவதில்லை. ஆகவே, இழுத்துக் கட்டிய வில்லைப்போல் காய் மீள் ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

மழைத்துளி பட்டதும் ஒட்டு இளகுகிறது. இரண்டு பாதிகளும் 'டப்' என்று பிரிகின்றன. ஒவ்வொரு விதையின் அடியிலும் வளைந்த கொக்கி ஒன்று இருக்கிறது. கவணிலிருந்து கல் பறப்பதுபோல் அந்தக் கொக்கி விதையை உதைத்துத் தள்ளுகிறது.

வெடிக்கும் காய்கள் வேறும் உண்டு. ஆமணக்கும் ரப்பரும் வெயிலில் உலர்ந்தே வெடிக்கின்றன. காசித்தும்பை நம் விரல் பட்டாலே வெடிக்கும். கனகாம்பரமோ தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. விதை விழும் நிலம் அந்த வேளையில் நனைந்திருக்கும் என்பதால் முளைக்க இதைவிட நல்ல தருணம் கிடையாது.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கதிர் ஒன்றை நீரில் முக்கியெடுத்துச் சிமென்டுத் தரையின் நடுவே நிறுத்துங்கள். சற்று நேரத்தில் காய்கள் வெடிக்கத் தொடங்கும். முகத்தை அருகே கொண்டுபோக வேண்டாம். மிகத் தொலைவில் விழுந்த விதையின் தூரத்தை அளந்து, எறிபொருளின் வீச்சுச் சூத்திரத்தில் இடுங்கள். 45 பாகைக் கோணத்தில் எறியப்பட்டதாகக் கொண்டால், வீச்சு என்பது திசைவேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவது. விதை 2 மீட்டர் சென்றிருந்தால் அது புறப்பட்ட வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். கதிரின் உயரத்தையும் காற்றின் தடையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்றின் தடை சிறியதன்று. சாலையோரங்களில் ஊதாப் பூப் பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியைச் சிறுவர்கள் அறிவார்கள். காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடுவார்கள். அதுவும் கனகாம்பரத்தின் குடும்பமே. அதன் இனமான ருவெல்லியா ஒன்றை அமெரிக்காவின் பமோனா கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அதிவேகப் படக்கருவியால் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் விதைகள் நொடிக்கு 15 மீட்டர் வரையான வேகத்தில் புறப்பட்டு, 7 மீட்டர் வரை சென்றன. காற்றே இல்லாதிருந்தால் அந்த வேகத்துக்கு 23 மீட்டர் போயிருக்க வேண்டும்! தட்டையான அவ்விதைகள் நொடிக்கு 1,600 முறைக்கு மேலும் சுழல்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப்போல, சுழலும் விதையும் தன் மெல்லிய விளிம்பையே காற்றுக்குக் காட்டிப் பறக்கிறது. இல்லாவிட்டால் 7 மீட்டர்கூடக் கிட்டாது.

எறிவதால் என்ன பயன்?

தாய்ச்செடியின் நிழலிலும் வேர்ப்போட்டியிலும் இருந்து குஞ்சு தப்புகிறது என்பது தெரிந்த விடை. கனகாம்பரத்தைப் பொறுத்தவரை இன்னொரு விடையும் உண்டு. அது மண்ணுக்குள் இருக்கிறது.

இச்செடியின் பெரும் பகை நூற்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராத இப்புழுக்கள் வேருக்குள் புகுந்து சாற்றை உண்கின்றன. ஒருவகை வேரில் முடிச்சுகளை உண்டாக்கும். இன்னொரு வகை வேரைக் குடைந்து கருக வைக்கும். தமிழகக் கனகாம்பரத் தோட்டங்களில் தொல்லை தருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. புழு உண்டாக்கிய புண் வழியே பூஞ்சை உள்ளே நுழைய, வாடல் நோய் வருகிறது. 'தண்ணீர் போதவில்லை' என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். அது பூஞ்சைக்கே உதவுகிறது.

நூற்புழு தன் முயற்சியால் நகரும் தூரம் மிகக் குறைவு. ஓராண்டில் ஒரு மீட்டர் சென்றாலே அதிகம். தாய்ச்செடியின் அடியில் பெருகிய புழுக்களிலிருந்து விதை ஒரே நொடியில் தப்பிவிடுகிறது. நாம் செய்வது நேர்மாறு. பட்டுப்போன செடியைப் பிடுங்கிய அதே குழியில் அடுத்த செடியை நடுகிறோம். பசித்திருக்கும் புழுக்களுக்குப் பந்தி விரிப்பது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

வெடிக்காத கனகாம்பரம்

இங்கே இன்னொரு சிக்கல் குறுக்கிடுகிறது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பெரிய பூவாகப் பூக்கும் 'டெல்லி கனகாம்பரம்' பலருக்கும் பிடித்த வகை. அதில் நீங்கள் எவ்வளவு காத்திருந்தாலும் விதை கிடைக்காது. காரணம், அது மும்மடியச் செடி. செல்லில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டிரண்டாக இருந்தால் இனச்செல் உருவாகும்போது சமமாகப் பிரியும். மூன்று தொகுதிகள் இருந்தால் எப்படிப் பங்கிடுவது? பங்கீடு குழம்புகிறது, விதை உருவாவதில்லை. பூவன், ரஸ்தாளி வாழைகளில் விதை இல்லாததற்கும் இதுவே காரணம். வாழையைக் கன்றால் பெருக்குகிறோம். டெல்லி கனகாம்பரத்தைக் கிளையை வெட்டி நட்டுப் பெருக்குகிறோம். மனிதன் கைவிட்டால் அந்த வகை அதோடு முடிந்தது.

வெட்டி நடுவதில் தவறில்லை. தண்டில் இந்த நூற்புழு இருப்பதில்லை. ஆனால் வேர் பிடித்த செடியை மண்ணோடு வாங்கி வந்தால் அந்தப் பையிலுள்ள மண் புழுவையும் சேர்த்துக் கொண்டுவரலாம். ஆகவே செடியை வாங்குவதைவிட நண்பர் வீட்டுச் செடியிலிருந்து நான்கு கிளைகளைக் கேட்டு வாங்குவதே மேல். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டுகளை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, தூய மணலில் நிழலில் ஊன்றுங்கள். நான்கு வாரங்களில் வேர் பிடித்துவிடும். விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால், பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வேர் வெளுத்திருந்தால் நல்லது. முடிச்சோ கருமையோ தெரிந்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

விதை வைக்கும் நாட்டு வகையாயின், மழைக்கு முன்பே காய்ந்த கதிர்களை ஒடித்துத் துணிப்பையில் கட்டி, பையோடு தண்ணீரில் நனையுங்கள். வெடிப்பெல்லாம் பைக்குள்ளேயே நடந்து முடியும். விதைகளைக் காலம் தாழ்த்தாமல் விதையுங்கள். நாற்று இரண்டு மாதம் வளர்ந்தபின் பிடுங்கி நடலாம்.

வெயிலே மருந்து

புழு புகுந்துவிட்ட பாத்தியை என்ன செய்வது? முன்பு போரேட் என்னும் குருணை மருந்தை இடச் சொல்வார்கள். அது கொடிய நஞ்சு. 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்கு முழுத் தடை. நம் மாவட்டத்தில் அதைவிட மலிவான மருந்து தாராளமாக இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலைத்தான் சொல்கிறேன்.

பாத்தியைக் கொத்திக் கட்டிகளை உடைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு, அதன்மேல் மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு படியும்படி விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். கறுப்புத் தாள்தானே அதிகம் சூடாகும் என்று கேட்கலாம். சூடாவது தாள், நமக்குச் சூடாக வேண்டியது மண். நிறமற்ற தாள் ஒளியை உள்ளே விடுகிறது. சூடான மண்ணிலிருந்து நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. தாளின் அடியில் திரளும் நீர்த்திவலைகள் மண் உமிழும் வெப்பக் கதிர்களை வெளியே விடுவதில்லை. உலர்ந்த மண்ணைவிட ஈரமண் வெப்பத்தைக் கீழே நன்றாகக் கடத்தும். அதனால்தான் முதலில் தண்ணீர் விடுகிறோம். மேல்மண் 50 பாகை செல்சியசை நெருங்கினால் நூற்புழு தாங்காது. ஒரு முழத்துக்குக் கீழே இருப்பவை தப்பிவிடும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மர நிழலிலுள்ள பாத்திக்கு இம்முறை உதவாது. அங்கே ஒரு பருவம் செண்டுமல்லி பயிரிடலாம். அதன் வேரிலுள்ள ஒரு பொருள் நூற்புழுவைக் கொல்கிறது.

செடி மஞ்சளானால் எல்லாம் புழுவால் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இளம் இலைகள் மட்டும் வெளுத்து, நரம்புகள் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. செம்மண் பூமியில் இரும்புக்குப் பஞ்சமா என்று வியப்பு வரும். மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான்! ஆனால் துரு நீரில் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. உப்புச் சுவையுள்ள ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் காரத்தன்மை அடைந்து, கரையும் கொஞ்ச நஞ்ச இரும்பும் முடங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் புது இலைகள் பச்சையாக வரும். மண்ணின் தன்மையைத் திட்டமாக அறிய விரும்புவோர் வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

மற்றப் பராமரிப்பு எளிது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் ஏற்றது. தென்னையின் ஓரம் மிக நன்று. மக்கிய தொழுவுரம் தாராளமாக இடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும். பூ கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி மலர்ந்துகொண்டே போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். முழுவதும் பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக்கதிர் விரைந்து வரும். விதை வேண்டுமானால் மட்டும் ஒரு செடியில் நாலைந்து கதிர்களைக் கிள்ளாமல் விட்டு வையுங்கள். ஆடி மாதம் நட்ட செடி ஐப்பசிக்குள் பூக்கத் தொடங்கிவிடும்.