ஸூம் லென்ஸ்: அசையும்போதும் குலையாத படம்

எச்.டி. ஸ்டூடியோவில் பீடத்தின் மேல் நிற்கும் கமராவில் முதலில் கண்ணில் படுவது அதன் முன்னே பெட்டியாக நீண்டிருக்கும் ஸூம் லென்ஸ்தான். செய்தி சேகரிப்போர் தோளில் சுமக்கும் கமராவின் லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. இதுவோ இருபது கிலோவையொட்டி வரும். விலையிலும் அநேகமாகக் கமராவை முந்திவிடும். இத்துறையில் உலகெங்கும் முன்னிற்பவை கெனன், புஜினன் என்ற இரண்டு ஜப்பானியப் பெயர்கள்.

இவ்வளவு கண்ணாடி ஏன் தேவைப்படுகிறது? கமராவினுள் பிம்பம் விழும் உணரி 9.6 மில்லிமீற்றர் அகலமும் 5.4 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அந்தச் சிறு பரப்பில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு. லென்ஸ் தரும் பிம்பம் அந்த நுணுக்கத்துக்கு எட்டாவிட்டால், பின்னாலுள்ள மின்னணுக் கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் திரையில் மங்கலே மிஞ்சும். ஜப்பானிய அரசின் அன்பளிப்பாக 1982 பெப்ரவரி 15இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது ஒரு படத்துக்கு ஏறக்குறைய 576 வரிகள்தான். கூரையேறி அன்டனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த கல்முனை வீடுகளில் லென்ஸின் சிறு குறைகள் எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எச்.டி.யில் அவை ஒளிய இடமில்லை.

நிறத்தில் வரும் குறை அவற்றுள் முக்கியமானது. லென்ஸைக் கடந்த ஒளியை ஓர் அரியம் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து மூன்று உணரிகளுக்கு அனுப்புகிறது. கண்ணாடியோ ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறளவில் வளைக்கும். மூன்று பிம்பங்களும் இம்மி பிசகினாலும் படத்தின் ஓரங்களில் ஊதாக் கரை படியும். இதைத் தடுக்கவே நிறங்களை அதிகம் சிதறவிடாத விசேட கண்ணாடியும் புளோரைட் பளிங்கும் சேர்க்கப்படுகின்றன.

ஸ்டூடியோவுக்குப் பெயர்போன 27 மடங்கு வகையின் குவியத்தூரம் 6.5இலிருந்து 180 மில்லிமீற்றர் வரை போகும். ஐந்து மீற்றர் தள்ளி நின்று அது ஏழு மீற்றர் அகல மேடையையும் காட்டும். கலந்துரையாடலில் இருப்பவரின் முகத்தை மட்டும் திரை நிறையவும் காட்டும். உள்ளே ஒரு வில்லைக் கூட்டம் முன்பின் நகர்ந்து உருவைப் பெருக்குகிறது. அப்போது விலகும் குவியத்தை இன்னொரு கூட்டம் நகர்ந்து ஈடுசெய்கிறது. இரண்டும் ஒத்து நகர்வதில்தான் லென்ஸ் தயாரிப்பாளரின் கைத்திறன் இருக்கிறது.

நிகழ்ச்சிக்கு முன் கமராக்காரர் இதைச் சோதிப்பார். செய்தி வாசிப்பவரின் கண்வரை நெருங்கி, இமைமயிர் பிரிந்து தெரியும்படி போகஸ் வைத்து, பிறகு மெல்லப் பின்வாங்குவார். அகலக் காட்சியிலும் கூர்மை அப்படியே நிற்க வேண்டும். மங்கினால் லென்ஸுக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் பிசகியிருக்கிறது. நட்சத்திரக் கோலம் வரைந்த அட்டையை வைத்து அதைச் சரிசெய்வார். ஸூம் செய்யும்போது நடுவிலிருந்த முகம் பக்கவாட்டில் நழுவவும் கூடாது, போகஸை மாற்றும்போது காட்சி சுருங்கி விரியவும் கூடாது. மலிவான லென்ஸ் தோற்கும் இடம் இதுவே.

திறந்தவெளி நேரலைக்கு நூறு மடங்கு லென்ஸ்கள் உண்டு. நோன்பு மாதத்தில் மக்காவிலிருந்து வரும் தராவீஹ் தொழுகையைக் கரையோர வீடுகளில் பார்ப்போருக்கு, கஃபாவை வலம்வரும் வெளியான மதாப் முழுவதும் தெரியும் காட்சி, கஃபாவின் போர்வையான கிஸ்வாவின் பொன்னிழை எழுத்துவரை நெருங்குவது பழக்கமான ஒன்று. 9.3 முதல் 930 மில்லிமீற்றர் வரையான லென்ஸை நூறு மீற்றர் தூரத்தில் வைத்தால் காட்சியின் அகலம் 103 மீற்றரிலிருந்து ஒரு மீற்றருக்கு ஒடுங்கும். ஆனால் அந்த எல்லையில் எப்1.7 என்ற துவார அளவு தரும் வெளிச்சத்தைக் காக்க முன்கண்ணாடி அரை மீற்றருக்கும் அதிக விட்டம் கொள்ள வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே ஸூமின் கடைசிப் பகுதியில் படம் இருளத் தொடங்கும். சிறு அதிர்வும் அங்கே பெரிதாகும் என்பதால் அதைத் தணிக்கும் தனி வில்லைக் கூட்டமும் உள்ளே வைக்கப்படுகிறது.

கல்முனை, சாய்ந்தமருது போன்ற கடலோரங்களில் படப்பிடிப்புக்கு ஈரமும் உப்புக்காற்றும் தனிச் சோதனை. குளிரூட்டிய வண்டியிலிருந்து இறக்கியதும் லென்ஸின் மேல் நீராவி படியும். வெளிச்சூட்டுக்கு அது பழகும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் வில்லைகளுக்கு இடையே பூஞ்சணம் பிடித்து மேற்பூச்சை அரித்துவிடும். அதைத் துடைக்க லென்ஸைக் கழற்றுவதானால், அத்தனை வில்லைகளையும் மீண்டும் ஒரே அச்சில் நிறுத்தக்கூடிய பயிற்சி பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.