கேஸ் போட்டாச்சு... லீக் அடைச்சாச்சா?

சித்திரை வெயில். நாலு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு வாங்கின செகண்ட் ஹேண்ட் கார். ஏ.சி.யைப் போட்டா அனல்தான் அடிக்குது. மெக்கானிக் போனட்டைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, ‘கேஸ் கம்மியாயிருக்கு தம்பி, போட்டுரலாம்’ என்பார். பத்தே நிமிஷம்... ஜில்!

எங்க காலேஜ் கேங்குக்கு ரெண்டு கோடை இப்படித்தான் போச்சு. மூணாவது கோடையில கம்ப்ரஸரே ஜாம். நாலு பேர் பாக்கெட் மணியும் காலி!

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க பாஸ். ஏ.சி. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ளேயே திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுத்திக்கிட்டு இருக்கிற சமாச்சாரம் அது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷத்துக்குக் கொஞ்சூண்டு கசியும், வாஸ்தவம்தான். ஆனா ஒரே சீசன்ல காலியாகுதுன்னா எங்கேயோ லீக். கேஸோடு ஆயிலும் வெளியே போகும். ஆயில் இல்லாத கம்ப்ரஸர் எத்தனை நாள் தாங்கும்?

அதனால, முறையா வேலை செய்யும் கடையில் முதலில் லீக்கைத் தேடுவார்கள். நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை தடவலாம். கேஸில் கலர் சாயம் கலந்து அல்ட்ரா வயலட் லைட் அடிச்சும் பார்க்கலாம். அடைச்ச பிறகு வேக்கம் பம்ப். குறைந்தது அரை மணி நேரம் ஓடணும். உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் வெளியேறணுமே! ஈரம் தங்கினா ஆயிலோடு சேர்ந்து ஆசிட்டாகி உள்ளேயே அரிக்கும். பம்பை நிறுத்தினதும் கேஜ் முள் ஏறாம நிக்கணும். ஏறினா லீக் இன்னும் இருக்கு.

அப்புறம்தான் கேஸ். போனட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும். ஆர்-134ஏ-வா, புதுசா வந்த ஆர்-1234ஒய்எஃப்-ஆ, எத்தனை கிராம்... எல்லாம் அதில் உண்டு. சின்ன கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோகூட இருக்காது. தராசுல வெச்சு எடை போட்டுத்தான் ஏத்தணும். ‘கைல குழாயைத் தொட்டாலே தெரியும்’னு யாராவது சொன்னா நைசா நழுவிடுங்க. அளவு மிஞ்சினாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸரும் அடிவாங்கும்.

யூ-டியூப் பார்த்து நீங்களே கேன் வாங்கி இறங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. ஆர்-134ஏ கொதிக்கிறது மைனஸ் 26 டிகிரியில. மேல பட்டா தோல் உறைஞ்சு கொப்பளிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கிளவுஸ் ரெண்டும் கட்டாயம். கேனை லோ பிரஷர் பக்கம் மட்டும்தான் மாட்டணும். ஹை பிரஷர் பக்கம் மாட்டினா கேனே வெடிக்கலாம். நெருப்பு காட்டி கேனைச் சூடேத்துற வித்தை வேண்டவே வேண்டாம்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடறதும் தப்பு. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாதுதான். ஆனா பூமியைச் சூடாக்குறதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 1,430 மடங்கு கில்லாடி! மெஷினில் உறிஞ்சித்தான் எடுக்கணும்.

மலிவு சிலிண்டரா? உஷார். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் உண்டு. அலுமினியத்தோடு வினைபுரிஞ்சு, காற்று பட்டதும் தீப்பிடிக்கிற பொருளை உண்டாக்கும். 2011-ல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் இதனால் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் செத்தே போனார்கள்.

சரி, எங்க கார்ல லீக் எங்கே? கண்டென்ஸர் மூட்டுல ஒரு ஓ-ரிங். நாலு டீ காசுகூட ஆகலை!