வெயில் காணாத துணி

மாதவிடாயின்போது வெளியேறுவது உடலில் தேங்கிய ‘கெட்ட ரத்தம்’ என்ற எண்ணம் இன்றும் பல வீடுகளில் நிலவுகிறது. கருவைத் தாங்குவதற்காக மாதந்தோறும் தடித்து வளரும் கருப்பையின் உட்சவ்வு, கரு தங்காதபோது குருதியோடு கலைந்து வெளியேறுவதே உண்மையில் நிகழ்வது. அதில் நஞ்சு ஏதும் இல்லை. ஒரு முறைக்கான குருதியிழப்பும் பெரும்பாலோருக்கு 80 மில்லிலிட்டரைத் தாண்டுவதில்லை.

‘தூரம்’, ‘தீட்டு’ என்று மாதவிடாய் நாள்களில் பெண்களை ஒதுக்கும் வழக்கத்தைக் கோயில் விதியாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் அந்நாள்களிலும் பெண்கள் கருவறைக்குள் சென்று வழிபடுகின்றனர் என்பதால், அவ்விதி எல்லாக் கோயில்களுக்கும் பொதுவானதன்று.

ஒதுக்குதலின் விளைவு வழிபாட்டோடு நிற்பதில்லை; மாதவிடாய்த் துணியைக் காயவைக்கும் இடம்வரை அது நீள்கிறது. துணி பயன்படுத்தினால் நோய் வரும் என்ற கூற்று பாதி உண்மையே; பருத்தித் துணி ஈரத்தை நன்கு உறிஞ்சக்கூடியது, கேடு விளைவிப்பது அது முழுமையாக உலராத நிலைதான். முதலில் குளிர்ந்த நீரில் அலசி (வெந்நீர் பட்டால் குருதியின் புரதம் இறுகிக் கறை நின்றுவிடும்), பின் சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைப்பதே முறை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போல, நெசவுக்கான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டும் ஊரில்கூட, இந்தத் துணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாவாடைக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ ஒரு மறைவிடம்தான். ஆரோவில்லில் 2010-இல் தொடங்கிய ‘ஈகோ ஃபெம்’ துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி நாப்கின்களைத் தைத்துத் தருகிறது. இவ்வகை நாப்கின்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021-இல் தரவரையறையும் வகுத்துள்ளது. எனினும், கொடியில் வெளிப்படையாகக் காயப்போடத் தயங்கும் வீட்டில் எந்தத் தரச்சான்றும் பயன் தராது.

துணிக்கு மாற்றாக உள்ள, மருத்துவத் தரச் சிலிக்கானால் ஆன ‘மென்ஸ்ட்ருவல் கப்’ குருதியை உறிஞ்சாமல் ஏந்திக்கொள்வது. 12 மணி நேரம் வரை உள்ளே இருக்கலாம் என்பதால், நெசவுக் குழித்தறியில் மிதிகட்டையில் கால் வைத்து நெடுநேரம் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு இது ஏற்றது. அது உள்ளே போய்த் தொலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. யோனிப்பாதையின் முடிவிலுள்ள கருப்பை வாயின் துளை மிகச் சிறியது, அதைத் தாண்டிக் கப் செல்ல இயலாது. மணமாகாதவர் பயன்படுத்தக் கூடாது என்பதும் தவறு. கன்னிச்சவ்வு ஆளுக்கு ஆள் வேறுபடுவது, அதை வைத்து ஒருவரின் பாலுறவு அனுபவத்தைக் கணிக்க முடியாது. 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ வெளியிட்ட மதிப்பாய்வு, கசிவைத் தடுப்பதில் கப் நாப்கினுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. ஆயினும் கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்துவதே நல்லது. கப்பை வெளியே இழுக்கையில் சாதனம் இடம்பெயர வாய்ப்புண்டு.

கப்பை நீரில் கொதிக்கவைக்க வேண்டும் என்றதும், அந்நாள்களில் அடுக்களைக்குள் நுழைய முடியாத வீடுகளில் என்ன செய்வது என்ற கேள்வி எழும். கொதிக்கவைப்பது மாதவிடாய் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும்தான். இடைப்பட்ட நாள்களில் ஒவ்வொரு முறையும் தூய நீரில் கழுவினால் போதும். கொதிக்கவைக்கவென ஒரு சிறு பாத்திரத்தைத் தனியே வைத்துக்கொண்டால், அந்த வீட்டிலும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.